இன்டேக், ஹெடர், ரீமேப் செய்த காரில் என்ஜின் குலுங்குகிறது. பிளக், காயில் மாற்றியும் சரியாகவில்லை. எங்கிருந்து தேடுவது?

நீங்கள் எழுதியிருப்பது இது: கோன் ஃபில்டர் இன்டேக் (காற்றை உள்ளே இழுக்கும் குழாய்), ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்கள்), அதற்கேற்ற ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றுவது). இரண்டு மாதம் நன்றாக ஓடிய வண்டி இப்போது ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) குலுங்குகிறது, மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. ஸ்கேனரில் பி0171, பி0300 என்ற பிழைக் குறியீடுகள். பிளக்கும் காயிலும் மாற்றியாகிவிட்டது, அடுத்து இன்ஜெக்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த இரண்டு குறியீடுகளே நிறைய சொல்கின்றன. ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் (பெட்ரோல் சரியாக எரியாமல் போனால்) பெரும்பாலும் பி0301, பி0302 என்று அந்த சிலிண்டரின் எண்ணோடு வரும். பி0300 என்றால் மிஸ்ஃபயர் ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை. கூடவே பி0171, அதாவது கலவை லீன்: காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காற்றிலோ பெட்ரோலிலோதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியதால் ரீமேப் மீது எனக்கு உடனே சந்தேகம் வரவில்லை.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து ஃப்யூல் ட்ரிம் பாருங்கள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்து ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அந்த எண். ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி, என்ஜின் சூடான பிறகு முதலில் ஐடிலிலும் பிறகு 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்தும் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏறியதும் இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால் சின்ன லீக்கும் பெரிதாகத் தெரியும். மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், பிரஷர் பக்கம் போக வேண்டும்.

என் வண்டியில் இன்டேக் மாற்றிய பிறகு இதே குலுக்கல் வந்தது. மூன்று வாரம் அலைந்தேன். நானும் பிளக், காயில் மாற்றினேன், இன்ஜெக்டரைக் கழற்றி சுத்தம் செய்தேன். கடைசியில்தான் ட்ரிம் பார்த்தேன்: ஐடிலில் 18, 2500-இல் 3. இன்டேக் மாற்றும்போது மேனிஃபோல்டில் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் பகுதி) வேலையில்லாமல் போன ஒரு சின்னக் குழாய் வாய்க்கு ரப்பர் மூடி போட்டிருந்தோம். அது வெப்பத்தில் காய்ந்து, கண்ணுக்குப் படாத அடிப்பக்கமாகப் பிளந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தேன், குலுக்கல் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி குலுங்கியது. அதனால்தான் மாற்றம் செய்த வண்டியில், கை வைத்த இடத்தில் தேடு என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் காற்றளவு சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (காற்றைத் திறந்து மூடும் வால்வு) நடுவில் உள்ள ஒவ்வொரு கிளாம்பையும் கையால் திருகிப் பாருங்கள், ஹோஸை வளைத்து விரிசல் பாருங்கள். கண்ணில் படவில்லையா, ஸ்மோக் டெஸ்ட் (புகையை உள்ளே செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் சூடான ஹெடர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். அப்புறம், கோன் ஃபில்டர் எண்ணெய் தடவுகிற வகையா? எண்ணெய் அதிகமாகிவிட்டால் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து, காற்றைக் குறைத்துக் காட்டும். அந்த சென்சாருக்கென்றே உள்ள க்ளீனரை மட்டும் அடியுங்கள், கம்பியைத் தொடாதீர்கள்.

இன்டேக் குழாயின் அளவு வேறு ஏமாற்றும். சென்சார் இருக்கும் இடத்தில் 60 மில்லிமீட்டர் குழாய் 70 ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகக் கடப்பதால் சென்சார் குறைவாகவே அளக்கும். ரீமேப்பில் இதைத் திருத்தினார்களா என்று கேளுங்கள். திருத்தாமல் விட்டிருந்தால் ஐடிலில் மட்டும் இல்லாமல் எல்லா ஆர்பிஎம்மிலும் ட்ரிம் ஏறியே இருக்கும்.

ஹெடரிலும் ஒரு சூது உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். உண்மையில் கலவை சரியாக இருந்தாலும் சென்சார் லீன் என்று சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ட்ரிம் ஏறியிருக்கும்போது பிளக் கரிபடிந்து கறுப்பாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஹெடர் பக்கம் டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால் வெளியே எதை மாற்றியும் பயனில்லை.

அதுவரை வண்டியை விரட்டாதீர்கள். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஐடில், 2500 இரண்டிலும் வந்த ட்ரிம் எண்களை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.