கொடைக்கானலில் வீட்டுக்கும் மாதம் ஒருமுறை மன்னவனூர்ப் பக்கம் கேம்பிங் போகவும் சேர்த்து ஒரு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வாங்க வேண்டும். 1 கே.வி.ஏ. போதுமா?

போதாது. கடையில் போதும் என்று சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வீட்டில் எதையெல்லாம் ஓட்டப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு ஃபிரிட்ஜ், நாலைந்து லைட், டிவி, வைஃபை, வயதானவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு மருத்துவச் சாதனம் என்று வைத்துக்கொள்கிறேன். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ரூம் ஹீட்டர் எல்லாம் இந்த அளவு மெஷினில் ஓடாது. அவற்றை இப்போதே மறந்துவிடுங்கள்.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம், ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில். உங்கள் ஊர் 2,100 மீட்டருக்கு மேல். பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கு கடல் மட்டத்துக்கானது. மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து, பெட்ரோல் எரியத் தேவையான ஆக்சிஜன் குறையும். 300 மீட்டருக்கு 3.5 சதவீதம் வீதம் இன்ஜினின் சக்தி இறங்கும். எங்கள் ஊரில் ஐந்தில் ஒரு பங்கு போகும், உங்கள் ஊரில் நாலில் ஒரு பங்கு. அதுவும் கார்புரேட்டரில் மலைக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. போடாவிட்டால் பெட்ரோல் மிகுதியாகப் போய், பிளக் கரி பிடித்து, கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்கும்.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்பா அப்போது எங்களோடு இருந்தார். முப்பது வருஷம் தேயிலைத் தொழிற்சாலைத் தூசியும் பீடியும் சேர்ந்து கெடுத்த நுரையீரல். இரவு முழுக்க ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், அதாவது அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், ஓட வேண்டும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின், 350 வாட் இழுக்கும். கரண்ட் போனால் சமாளிக்க, 150 ஏ.எச். பேட்டரியோடு வீட்டு இன்வெர்ட்டர் இருந்தது. அது மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் வைத்திருந்தோம்.

நவம்பர் மழை. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வீட்டுக்குக் கீழே வளைவில் நின்ற சில்வர் ஓக் மரம் இரவில் கம்பி மேல் விழுந்து, இரண்டு கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. அது விழும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வேர் வெளியே வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. போட்டோவோடு இரண்டு தடவை மனு கொடுத்திருந்தேன். மலைப்பகுதியில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1955-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வேண்டும்தான், இல்லாவிட்டால் இந்த மலை எப்போதோ மொட்டையாகியிருக்கும். ஆனால் காட்டேஜ் கட்டுகிறேன் என்று வந்தவர் மலைச் சரிவை ஜேசிபி வைத்து வெட்டியபோது யாரும் வந்து கேட்கவில்லை. கம்பி மேல் சாயும் ஒரு மரத்தைப் பார்க்க ஆறு மாதத்தில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த ஒரு மரத்தை நேரத்துக்கு எடுத்திருந்தால் நான் ஜெனரேட்டரே தேடியிருக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து என் தம்பி ஒரு 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரை பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். இன்வெர்ட்டர் வகை இல்லை, சாதாரண வகை; வித்தியாசத்தைக் கீழே சொல்கிறேன். கீழே கடையில் ஃபிரிட்ஜும் மிக்சியும் ஓட்டிக் காட்டினார்களாம். மேலே வந்ததும் அது இருமியது. பெட்டியில் 1000 என்று இருந்தது அதிகபட்சம், தொடர்ந்து தரக்கூடியது 850-தான். மலைக்காக ஐந்தில் ஒன்று கழித்தால் 680. கான்சன்ட்ரேட்டர் மட்டும் ஓடியபோது பரவாயில்லை. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பிய நொடியில் லைட் மங்கி, கான்சன்ட்ரேட்டர் அலாரம் அடித்து நின்றுவிட்டது. ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டோம்.

ஆனால் பெரிய தவறு வேறு. மழை கொட்டியதால் மெஷினைச் சமையலறையை ஒட்டிய விறகுக் கொட்டகையில் வைத்தோம். கொட்டகைக்குக் கதவு கிடையாது, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு, காற்று வரும் என்று நினைத்தோம். இரவு மூன்று மணிக்கு எனக்குத் தலை வலித்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். என் மகள் எழுந்து வாந்தி எடுத்தாள். அப்பா, "கண்ணு, தலை கனக்குது" என்றார். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தேன். 93 காட்டியது. அவருக்கு அது நல்ல எண். அதைப் பார்த்து நான் நிம்மதியாகி, திரும்பிப் படுக்கப் போனேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

தம்பிதான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய், புகை வாடை அடிக்கிறது என்று கத்தினான். மெஷினை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, அப்பாவுக்கு சிலிண்டரை மாட்டி, விடியும்முன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தம்பிக்கு வாடை தெரிந்தது கூடவே வந்த மற்றப் புகையால். விரல் மீட்டரால் ரத்தத்தில் இருப்பது ஆக்சிஜனா, இந்த விஷவாயுவா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒன்றாகவே எண்ணும் என்றும் அவர்தான் சொன்னார். அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்து, தன் பழைய நோயால்தான் போனார்.

ஆகவே வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழல் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழைக்கு நாலு கால் நட்டு மேலே தகரம் மட்டும் போடுங்கள், பக்கச் சுவர் வேண்டாம். படுக்கையறையில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்குபவர்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தார். கான்சன்ட்ரேட்டர் 350, ஃபிரிட்ஜ் ஓடும்போது 150, லைட்டும் மற்றதும் 150, வீட்டு பேட்டரி சார்ஜ் ஆக 300. மொத்தம் 950 வாட். ஃபிரிட்ஜ் கிளம்பும் நொடியில் தனக்குத் தேவையானதைப் போல் நாலைந்து மடங்கு இழுக்கும், அதற்கு இன்னொரு 600. அதிகபட்சம் 2000, தொடர்ந்து 1600 தரும் மெஷின், எங்கள் உயரத்தில் 1580, 1260 என்று இறங்கியும் இதைத் தாங்கியது. உங்கள் ஊரில் அதே மெஷின் 1500, 1200 தரும். ஹோண்டாவின் இயூ20ஐ மாடல் இந்த அளவுதான். அதே அளவில் வேறு கம்பெனி மெஷின்களும் உண்டு. எதை வாங்கினாலும் "ரேட்டட்" (தொடர்ந்து தரக்கூடியது) என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதைத்தான் பாருங்கள். கே.வி.ஏ. என்று மட்டும் எழுதியிருந்தால் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றாலே வீட்டில் பேட்டரியோடு இருக்கும் பெட்டி என்றுதான் நினைப்போம். கடைக்காரர்களும் குழம்புகிறார்கள். இது வேறு. சாதாரண ஜெனரேட்டரில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும், அப்போதுதான் நம் வீட்டுச் சாதனங்களுக்குத் தேவையான 50 ஹெர்ட்ஸ் வரும். ஒரு லைட் எரிந்தாலும் அதே சத்தம், அதே வேகம். இன்வெர்ட்டர் வகையில் வரும் மின்சாரத்தை முதலில் டிசி (பேட்டரியில் வருவது போன்ற ஒரே திசை மின்சாரம்) ஆக்கி, பிறகு மின்னணுச் சுற்று அதைச் சீரான ஏசி (வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம்) ஆக்கித் தரும். அதனால் சுமை குறைந்தால் இன்ஜின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சத்தமும் பெட்ரோலும் குறையும். முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டர் அளவு குடிப்பது, கால் சுமையில் அதில் பாதிகூடக் குடிக்காது. மருத்துவச் சாதனத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தச் சீரான மின்சாரம்தான் நல்லது.

இரவெல்லாம் ஓட்டத் தேவையில்லை. பகலில் இரண்டு, மூன்று மணி நேரமும் இரவு படுக்கும்முன் இரண்டு, மூன்று மணி நேரமும் ஓட்டி வீட்டு பேட்டரியை நிரப்பினோம். இன்னொரு பேட்டரியும் சேர்த்த பிறகு இரவின் பெரும்பகுதியைப் பேட்டரியே பார்த்துக்கொண்டது.

மலைக்காரர்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய ஒன்று. இந்த மெஷின்களில் ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு உண்டு. சரிவில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, குறைந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிடும். நாங்கள் இரண்டு நாள் பழுது என்று அலைந்தோம். கல் போட்டு மட்டமாக வைத்ததும் ஓடியது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் பனியில் சீக்கிரமே. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதையும் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மலைக்கு ஜெட் மாற்றிய மெஷினை வத்தலக்குண்டுக்கு இறக்கி ஓட்டினால் காற்று மிகுந்து சூடேறிக் கெடும், பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டு பக்கமும் பின் வைத்த வயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் கரண்ட் வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட்டாகக் கம்பிக்குப் போகும். அந்த மழையில் எங்களுக்காகக் கம்பத்தின் மேல் இருந்த லைன்மேன் அண்ணனை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நடுங்குகிறது. வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

சோலார் வைக்கலாமே, பெட்ரோல் புகை எதற்கு என்று சிலர் எழுதுவார்கள். வைத்திருக்கிறோம். ஆனால் மஞ்சு இறங்கிய நவம்பரில் மூன்று நாள் வெயிலே வராத ஊரில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நான் ஜெனரேட்டர் கம்பெனிக்காக எழுதுகிறேன் என்றும் யாராவது நினைக்கலாம். என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதினேன்.

கேம்பிங்குக்கு இதைத் தூக்கிப் போகாதீர்கள். 20 கிலோ மெஷின். இரண்டு லைட்டுக்கும் போனுக்கும் ஒரு சின்ன லித்தியம் பவர் ஸ்டேஷன் (பிளக் பாயிண்ட் வைத்த பேட்டரிப் பெட்டி) போதும். காட்டு நிலத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரம் போடவும் கூடாது. அதைவிட முக்கியம், மெஷின் ஓடினால் பக்கத்தில் எது வருகிறது என்று காதில் விழாது. எங்கள் கொல்லையில் இரவு பெட்ரோல் ஊற்றப் போனேன். சூடு ஆறட்டும் என்று மெஷினை நிறுத்திய பிறகுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. பத்தடியில் காட்டெருமை. எவ்வளவு நேரமாக நின்றது என்று தெரியவில்லை. உங்கள் ஊரிலும் அவை தெருவிலேயே நடக்கின்றன.

உங்கள் ஃபிரிட்ஜ் பின்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள ஆம்பியரையும், வீட்டில் மோட்டார் இருந்தால் அதன் ஹெச்.பி.யையும் கீழே எழுதுங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன்.