தேரிக்காட்டில் ஒரே பனையைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்

"ஓய்வு பெற்றபின் நிலக்காட்சிப் புகைப்படம் கற்றுக்கொள்ள முடியுமா, என்ன கேமரா வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் நாளிதழ் நிருபராக இருந்தவன். கேமராவை ஒழுங்காகக் கையில் எடுத்ததே ஓய்வுக்குப் பிறகுதான். கேமரா எதுவானாலும் சரி, ரா கோப்பு (கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றாத மூலப் பதிவு) எடுக்க வந்தால் போதும். மிச்சப் பணத்தில் ஆடாமல் நிற்கும் டிரைபாட் வாங்குங்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது பார்ப்பதுதான். 2007-ல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் ஆலைக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்து, ஊரே எதிர்த்தபோது, செய்திக்காகத் தேரிக்காட்டில், அதாவது அந்தச் சிவப்பு மணல்மேட்டுக் காட்டில், வாரக்கணக்கில் அலைந்திருக்கிறேன். எத்தனை ஏக்கர், என்ன விலை, யார் எதிர்ப்பு, யார் ஆதரவு எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அந்த மண் விடியும்போது என்ன நிறம் என்று ஒரு வரிகூட இல்லை. சாயங்காலத்துக்குள் செய்தி போயாக வேண்டும், மண்ணைப் பார்க்க ஏது நேரம்? அதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான்.

இன்று குதிரைமொழித் தேரிக்கு இருட்டோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். மண்ணில் இரும்பு ஆக்ஸைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. விடிவதற்கு முன் அது காய்ந்த ரத்தம்போல் கறுத்துக் கிடக்கும். வெயில் தரையோடு சாய்ந்து வரும் முதல் இருபது நிமிஷம்தான் கணக்கு. விரல் தடிமனே உள்ள மணல் வரிகளுக்கெல்லாம் அப்போது தனித்தனி நிழல் விழும். ஒரு வண்டு ராத்திரி நடந்துபோன தடம் தையல் போட்டதுபோல மேட்டில் ஏறி இறங்கும். எட்டு மணிக்கு எல்லாம் தட்டையாகிவிடும்.

இந்த மண்ணில் கேமராவை நம்பி விட்டுவிடாதீர்கள். நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் சிவப்பைச் சாதாரண மண் நிறமாக்கிவிடும், அதனால் அதைப் பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்திவையுங்கள். படத்தின் வெளிச்சத்தை இருட்டு இடப்பக்கம், பிரகாசம் வலப்பக்கம் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும், அப்புறம் மணலின் நுணுக்கம் திரும்பக் கிடைக்காது. அதனால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தே எடுக்கிறேன். காற்றடிக்கும்போது லென்ஸை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள்.

பழைய தொழில் கைகொடுத்தது ஒரு இடத்தில், ஆளைக் கண்டால் பேச்சுக் கொடுப்பதில். பதநீர் இறக்க வந்த பனையேறி ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, இப்ப எடுக்கியளே, இது ஒண்ணுமில்ல. ஆடிக்காத்து அடிச்சு ஓஞ்ச பெறவு வாங்க. இந்த மேடு இங்க இருக்காது."

சித்திரையில் அவர் காட்டிய பனையை எடுத்தேன். ஆவணியில் அதே இடத்தில், அதே உயரத்தில் டிரைபாடை நிறுத்தி மறுபடி எடுத்தேன். முதல் படத்தில் தூர் மணலுக்குள் புதைந்திருக்கிறது. இரண்டாவதில் ஒரு முழத்துக்கு வேர் வெளியே தெரிகிறது, வேரெல்லாம் கயிற்றுப் பிரிபோலத் தொங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறத்தைக் கூட்டவில்லை, எதையும் அழிக்கவில்லை. நிருபராக இருந்தவன் அதைச் செய்யக்கூடாது என்பது என் பிடிவாதம். படத்தின் பின்னால் தேதி, நேரம், காற்று வந்த திசை எழுதி வைத்திருக்கிறேன்.

மரம் சாயாமல் இருந்தால் வருகிற ஆவணியில் மூன்றாவது படம் எடுக்க வேண்டும்.