வெளிநாட்டு அலுவல் பயணம்: பெட்டி கட்டும் முன் சில கேள்விகள், பதில்கள்

வெளிநாட்டுக்கு அலுவல் பயணம் போகிற அதிகாரிகளுக்கு டிக்கெட், விசா, தங்குமிடம் எல்லாம் ஏற்பாடு செய்து தருவதுதான் பல வருடங்கள் என் வேலை. அப்புறம் நானே போக வேண்டி வந்தது. அடுத்தவருக்குச் சொன்னதில் பாதியை எனக்கே நான் செய்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பயணம் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் பலருக்கும் பயம் குண்டுவெடிப்பு, ஆள்கடத்தல் பற்றித்தான். நான் பார்த்த வரையில் ஆட்களைக் கவிழ்த்தவை பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, இரவு நேரத்து ஒரு கார், சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை, இப்படிப்பட்டவைதான்.

கேள்வி: என் பாஸ்போர்ட் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பயணமோ ஐந்தே நாள். போதாதா சார்?

பல இடங்களுக்குப் போதாது. உள்ளே நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கொடுத்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. உங்களை அந்த நாடு திருப்பி அனுப்பும் வரை போகாது விஷயம். விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். தகுதியில்லாத ஆளை ஏற்றி வந்தால் அவர்களுக்குத்தான் அபராதம். கையோடு வெற்றுப் பக்கங்களையும் எண்ணிவிடுங்கள்.

கேள்வி: அரசுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். ஏதாவது சிக்கல் என்றால் போலீஸ் தொட முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?

அவர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். தூதரக ஊழியர்களுக்கு 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தரும் பாதுகாப்பு, அவர்கள் அந்த நாட்டில் பதவியில் அமர்த்தப்பட்டு, அந்த நாட்டு அரசுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டிருப்பதால் வருவது. பாஸ்போர்ட் அட்டையின் நிறத்தால் வருவதில்லை. பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ ஒரு வாரம் போகிறவர், வேறு தனி ஏற்பாடு இல்லாவிட்டால், அந்த ஊர்ச் சட்டத்துக்கு மற்றவர்களைப் போலவே கட்டுப்பட்டவர்.

உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடியது 1963ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கை. அதன் 36ஆம் பிரிவுப்படி, உங்களைக் காவலில் வைத்தால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர்களே உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், மரியாதையாக, திரும்பத் திரும்ப. தூதரகத்தின் அவசர எண்ணைத் தாளில் எழுதி வைத்திருங்கள். செல்போனைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள்.

கேள்வி: அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வரமாட்டேன். விசா வேண்டாம் அல்லவா?

வேண்டும். விமானம் மாறிப் போகிறவரும் அங்கே முறைப்படி நாட்டுக்குள் நுழைந்துதான் மாற வேண்டும். அதனால் டிரான்ஸிட் விசாவோ, விசா விலக்கு உள்ளவர்களானால் முன் அனுமதியோ அவசியம். மற்ற இடங்களிலும், இரண்டு விமானங்களும் தனித்தனி டிக்கெட்டில் இருந்தால் கவனம்: பெட்டியை வெளியே வந்து எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கலாம். வெளியே வருவது என்றாலே விசா.

கேள்வி: ஆறு நாளில் ஆப்பிரிக்கப் பயணம். மஞ்சள் காய்ச்சல் ஊசியை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமா?

ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தச் சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். ஆகவே சான்றிதழ் கட்டாயமான நாடு என்றால் பயணத் தேதியை மாற்றுவதுதான் வழி. நேராகப் போகும் நாடு கேட்காவிட்டாலும், இந்நோய் உள்ள நாட்டு விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவரிடம் கேட்கும் நாடுகள் உண்டு. ஊசி போட்டதைப் பதிந்த பழைய மஞ்சள் நிறச் சான்றிதழ்ப் புத்தகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து வருடம்தான் செல்லும் என்ற பழைய விதி 2016 ஜூலையோடு போய்விட்டது. இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

கேள்வி: நள்ளிரவு ஒரு மணிக்கு இறங்குகிறேன். என்னை அழைத்திருக்கும் அலுவலகம் கார் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. பெயர்ப் பலகையோடு ஆள் நிற்பார் என்கிறார்கள். வேறென்ன பார்க்க வேண்டும்?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு முறை இதே மாதிரி நேரத்தில் இறங்கினேன். வெளியே வந்ததும் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர். வெள்ளைச் சட்டை, பணிவான சிரிப்பு. "கார் கொஞ்சம் தள்ளி நிற்கிறது சார்" என்று பெட்டியில் கை வைத்தார். எனக்கோ தூக்கக் கலக்கம். பின்னாலேயே நடந்தேன். பத்தடி போனதும் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், அதே பெயர் அச்சடித்த அட்டையோடு இன்னொருவர் தூணருகே நிற்கிறார்! என் ஆள் கையில் இருந்தது பேனாவால் எழுதிய அட்டை, மை இன்னும் பளபளத்தது. தூணருகே நின்றவரின் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு முன்னால் வந்து நின்றிருக்கிறார். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன்; அவர் கூட்டத்தில் கரைந்துவிட்டார். வெறும் டாக்சி ஆசாமியா, வேறு நோக்கமா, இன்றுவரை தெரியாது.

அதிலிருந்து என் வழக்கம் இது. அட்டையில் பெயரும் வேண்டாம், அலுவலகப் பெயரும் வேண்டாம்; முன்கூட்டிப் பேசிக்கொண்ட ஒரு சொல்லோ எண்ணோ போதும். ஓட்டுநர் பெயர், செல் எண், காரின் எண் மூன்றும் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். அவரிடம் "நீங்கள் எனக்காகத்தானே வந்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்பார்கள். "யாரை அழைத்துப் போக வந்தீர்கள்?" என்று கேளுங்கள். சரியான ஆள் வரவில்லையா, கட்டடத்துக்குள்ளேயே இருந்து போன் செய்யுங்கள்.

காரில் ஏறியாயிற்று. அப்புறம்? பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா பாருங்கள். சீட்டு உறைக்கு அடியில் மறைந்திருக்கும், கையை விட்டு இழுத்து எடுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஒரு வருடத்தில் சாலை விபத்தில் சாகிறவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர். பணிப் பயணத்தில் உங்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அந்தக் கார்தான். ஓட்டுநர் வேகமாகப் போனால் "கொஞ்சம் மெதுவாக" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஊர் விட்டு ஊர் போகும் சாலைப் பயணத்தை இரவில் வைக்காதீர்கள். கூட்டம் காலை ஒன்பதுக்கு என்றால் முதல் நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். ஒரு நாள் தினப்படி கூடுகிறது என்று கணக்குப் பிரிவு முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் அதிகாரி நான். ஓட்டல் அறை எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இதில் என்னைவிட அனுபவப்பட்ட சக அலுவலர் ஒருவர் சொன்னதையே சொல்கிறேன். வரவேற்பில் அறை எண்ணை வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னால், வேறு அறை கேளுங்கள், எண்ணை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். தரைத்தளம் வேண்டாம். மேலேயும் ரொம்பப் போகாதீர்கள். தீயணைப்பு ஏணி எட்டக்கூடிய உயரம் நல்லது, மூன்றிலிருந்து ஆறாம் மாடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு அடியில் செருக ரப்பர் ஆப்பு ஒன்று பெட்டியில் இருக்கட்டும். கேட்காத சர்வீஸ் என்று யாராவது தட்டினால், திறக்காமல் வரவேற்புக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள்.

ஆண், பெண் எல்லோருக்கும் இன்னொன்று: அறைக்குள் போன உடனே வெளியே வந்து, அவசரப் படிக்கட்டு வரை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது. குனிந்து சுவரைத் தடவி, கதவுகளை எண்ணிக்கொண்டுதான் போக முடியும். படிக்கட்டுக் கதவு திறக்கிறதா என்றும் தள்ளிப் பாருங்கள். பூட்டி வைத்திருந்த இடமும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வழக்கமாகச் சாப்பிடும் இருமல், வலி மாத்திரைகளைக் கொண்டுபோகலாமா? டாக்டர் சீட்டு இருக்கிறது.

சீட்டு இருப்பது மட்டும் போதாது. ஓர் ஊரில் கடையில் கேட்டாலே கிடைப்பது இன்னோர் ஊரில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். ஜப்பானில் சூடோஎபெட்ரின் அளவு பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துக்குத் தடை. கோடீன் கலந்த இருமல், வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரை என்றால் எகிப்தில் பெரிய வம்பு. மருந்தின் வேதிப் பெயரை வைத்து, போகும் நாட்டுத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையோடு, கடையில் தந்த உறையோடு, கைப்பையில் வையுங்கள். டப்பாவில் உதிர்த்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். மின்சாரம் கொள்ளும் அளவு 100 வாட்-மணி (Wh) வரை பிரச்சினையில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-மணிதான். அளவு அச்சடிக்காததைக் கொண்டுபோகாதீர்கள், பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

கேள்வி: அலுவலக லேப்டாப்பில் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஓட்டல் அறைப் பெட்டகத்தில் வைக்கலாமா?

அந்தப் பெட்டகத்தைத் திறக்க ஓட்டலிடம் மாற்று எண் இருக்கும். நீங்கள் எண்ணை மறந்தால் அவர்கள்தானே வந்து திறக்கிறார்கள்! குடையையும் பெல்ட்டையும் வைக்க நல்ல இடம். உங்கள் அலுவலகம் இசைந்தால் பயணத்துக்கென்று காலி லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குத் தேவையான கோப்புகளை மட்டும் ஏற்றுங்கள். எல்லையில் திறந்து காட்டச் சொன்னாலும் அதில் இருப்பது அவ்வளவுதான். மூடி வைக்காமல் முழுசாக அணைத்துவிடுங்கள். கோப்புகள் இருக்கும் வட்டை (டிஸ்க்) கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருந்தாலும் அணைத்த நிலையில்தான் அது முழுப் பாதுகாப்பு.

கேள்வி: கூட்டம் முடிந்ததும் அங்கே அதிகாரி ஒருவர் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்து, ஊரில் ஒருவரிடம் சேர்க்கச் சொன்னார். மறுத்தால் தப்பாக நினைப்பாரே?

நினைக்கட்டும். "எங்கள் அலுவலக விதி அனுமதிக்கவில்லை" என்று பழியை விதிமேல் போடுங்கள். விதிகள் எதற்கு இருக்கின்றன?

கேள்வி: வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது. சனி, ஞாயிறு என் செலவில் சுற்றிவிட்டு வரலாமா?

தாராளமாக, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு. அலுவலகம் எடுத்த காப்பீடு வெள்ளியோடு நின்றுவிடலாம், பாலிசியை எடுத்துத் தேதியைப் படியுங்கள். நின்றால் அந்த இரண்டு நாளுக்கும் சொந்தமாக ஒன்று எடுங்கள். நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் உண்டா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவைவிட அதுதான் ஆளை முழுங்கும்.

கேள்வி: பெட்டி வந்து சேரவில்லை என்றால்?

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் எழுத்துமூலம் கேட்க வேண்டும். கூட்டத்துக்கான சட்டை ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: தினமும் அலுவலகத்துக்கு நான் பத்திரம் என்று செய்தி அனுப்பச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளையா நான்?

செய்தி அனுப்புவதைவிட, அது வராவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் முக்கியம். இரவு எட்டு மணிக்குச் செய்தி என்று பேசியிருந்தால், ஒன்பதுக்கு யார் ஓட்டலுக்குப் போன் செய்வார், பத்துக்கு யார் தூதரகத்தைக் கூப்பிடுவார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். "அலுவலகம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். இந்த ஏற்பாட்டை நான் செய்துகொடுத்த ஓர் அதிகாரி, படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு அறையிலேயே கிடந்தார். போன் எட்டாத மூலையில் சார்ஜில் இருந்தது. ஒன்பதே காலுக்கு ஓட்டல் ஆள் கதவைத் திறந்தார். அதற்கு முன் அவரும் உங்களைப் போலத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

கேள்வி: மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். நேற்றிலிருந்து காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தானே?

இதைப் படித்து முடிக்கும் முன்பே கிளம்புங்கள். மாத்திரை நூறு சதவீதம் காக்காது; திரும்பி வாரங்கள், சில வகைகளில் மாதங்கள் கழித்தும் வரும். டாக்டரிடம் தலைவலி, உடம்பு வலி என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை முதலில் சொல்லி, இன்றே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.