போர் எங்கோ, குலை விலை இங்கே: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா வாசகர்களிடமிருந்து வந்தவை. சுற்றிலும் செம்பனை நிற்கிற ஊர் என்பதால் உலகச் செய்தி பற்றிய கேள்விகளும் குலை, உரம், பெட்ரோல் வழியாகவே வந்திருக்கின்றன.

“செய்தியில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 200 ரிங்கிட் ஏறியது என்கிறார்கள். குலை வாங்கும் ரேம்பில் கேட்டால் ஒரு டன் குலைக்கு முப்பது, நாற்பதுதான் கூடியிருக்கிறது. மீதியை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?” – ஐந்து ஏக்கர் சிறுதோட்டக்காரர்

அந்த இடத்தில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. செய்தியில் சொல்வது கச்சா செம்பனை எண்ணெய் விலை. நீங்கள் விற்பது குலை. 100 கிலோ குலையைப் பிழிந்தால் சுமார் 20 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். அதனால் எண்ணெய் 200 ரிங்கிட் ஏறினால் ஒரு டன் குலைக்கு 40 ரிங்கிட் ஏறுவதுதான் கணக்கு. பருப்பு விலையும் மில் செலவும் இதைக் கொஞ்சம் முன்பின் ஆக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ரேம்ப் தரும் சீட்டில் ஓஇஆர் அல்லது கேபிஜி என்று போட்டிருக்கும் பிழிவு விகிதத்தை, அதாவது குலை எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் என்ற கணக்கை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் 1 விழுக்காட்டுக்கு இவ்வளவு என்று விலை வெளியிடுகிறது. உதாரணத்துக்கு அது 42 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு என்று எடுத்தால் டன்னுக்கு 840 ரிங்கிட், 18 என்று எடுத்தால் 756. வித்தியாசம் 84 ரிங்கிட். மாதம் 3 டன் வெட்டுகிறவருக்கு 252 ரிங்கிட். உலகச் சந்தையில் 400 ரிங்கிட் ஏறினாலும் உங்கள் கைக்கு இந்த அளவு வராது. ரேம்பில் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை விழுக்காட்டில் போட்டார்கள், போக்குவரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று இரண்டையும் கேளுங்கள்.

விகிதம் குறைவதற்குப் பாதிக் காரணம் வெட்டும் இடத்திலேயே இருக்கிறது. பழம் உதிர்ந்த புதுக்குழி குறைந்தது பத்து தெரிந்தால்தான் குலை பழுத்தது என்று கணக்கு. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலையை ரோட்டோரம் இரண்டு நாள் போட்டால் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால் மில்காரர் முதலிலேயே கழிப்பார். 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். உதிரிப் பழத்தை விட்டுவிடாதீர்கள், எண்ணெய் அதிகம் உள்ளது அதில்தான்.

போருக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. சூரியகாந்தி எண்ணெய் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் அப்போது உக்ரைனுக்கு. அதன் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் வாங்குகிறவர்கள் சோயாவுக்கும் செம்பனைக்கும் திரும்பினார்கள். நம் எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தியது. அங்கே தொட்டிகள் நிரம்பின. மில்கள் குலை வாங்க மறுத்தன. மே 23 அன்று தடை நீங்கியது. தேங்கிய எண்ணெய் மொத்தமும் சந்தைக்கு வந்தது. ஜூலை நடுவில் இங்கே விலை 4,000க்கும் கீழே. உச்ச விலை நின்றது சில மாதங்கள் மட்டுமே. அதை நம்பித் தவணையில் லாரி எடுப்பதும் நிலம் எடுப்பதும் ஆபத்து.

“போர் வந்தால் உரம் ஏன் ஏறுகிறது? விலை ஏறிய வருடம் உரத்தை நிறுத்தலாமா?” – தோட்டத்து முன்னாள் கிராணி

உரத்தில் இரண்டு வகையைத் தனித்தனியாகப் பாருங்கள். யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. எரிவாயு தடைபட்டால் அடுத்த நாளே யூரியா ஏறும். 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது இஸ்ரேலிலிருந்து எகிப்துக்குப் போன எரிவாயு நின்றது. எகிப்தின் யூரியா ஆலைகள் நின்றன. ஈரானிலும் உற்பத்தி நின்றது. பொட்டாஷ் கதை வேறு. அது பூமியில் வெட்டி எடுப்பது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் மூன்று நாடுகளிடம்தான் பெரும்பகுதி. பெலாரஸ் பொட்டாஷ் லித்துவேனியாவின் கிளைப்பெடா துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்த வழி அடைபட்டது, அதே மாதம் போரும் தொடங்கியது. செம்பனை அதிகம் கேட்பது பொட்டாஷ்தான். மலேசியாவில் அது கிடைப்பதில்லை.

நிறுத்தக்கூடாது. செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்று முடிவாவது அது குலையாக வெட்டப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னால். உரத்தை இந்த வருடம் நிறுத்தினால் இந்த வருடம் ஒன்றும் தெரியாது. ‘பார், உரம் இல்லாமலேயே காய்க்கிறது’ என்று தோன்றும். அடி விழுவது ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து. அந்த நேரத்தில் விலை எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

வயது வந்த மரத்துக்கு ஆண்டுக்கு 3 கிலோ பொட்டாஷ் என்று வையுங்கள். மண்ணுக்குத் தக்கபடி இது மாறும். கரிமண்ணாக இருந்தால் செம்புச்சத்து, துத்தநாகம் பற்றியும் வாரிய அதிகாரியிடம் கேளுங்கள். ஏக்கருக்கு 55 மரம், ஐந்து ஏக்கருக்கு 275 மரம், 825 கிலோ. 50 கிலோ மூட்டையில் பதினேழு. இதை இரண்டு தடவையாகப் பிரித்து, அடைமழை மாதத்தைத் தவிர்த்துப் போடுங்கள். பெருமழையில் பொட்டாஷ் கரைந்து வாய்க்காலுக்குப் போகும். யூரியாவுக்கு நேர்மாறான சிக்கல்: காய்ந்த தரையில் போட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மண் ஈரமாக இருக்கும்போது போட வேண்டும்.

பணம் போதவில்லையா? வெட்டிய மட்டைகளை எரிக்காமல் வரிசைக்கு நடுவே அடுக்குங்கள். மில்லில் பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைக்குமா என்று கேளுங்கள், அதில் பொட்டாஷ் நிறைய உண்டு. மூட்டை வாங்கும்போது பொட்டாஷில் 60 விழுக்காடு, யூரியாவில் 46 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை உச்சத்தில் இருக்கும் காலத்தில்தான் கலப்பட மூட்டைகள் சுற்றுகின்றன.

“எஸ்டிபிஎம் பொருளியல் படிக்கிறேன். தினமும் உலகச் செய்தியை எந்த வரிசையில் படிப்பது? வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பலாமா?” – ஆறாம் படிவ மாணவர்

தம்பி, தலைப்பைப் படிப்பதற்கு முன் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிரெண்ட் எனப்படும் பெட்ரோலியக் கச்சா எண்ணெய், ஒரு டாலருக்கு எத்தனை ரிங்கிட், சிக்காகோவில் சோயா எண்ணெய், புர்சா மலேசியா சந்தையில் மூன்றாம் மாதச் செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் (மூன்றாம் மாதத்தில் எண்ணெய் தருவதற்கு இன்றே பேசும் விலை). நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். கச்சா எண்ணெய் ஏறினால் பயோடீசலுக்குக் கிராக்கி வரும். இந்தோனேசியா 2025இல் டீசலில் 40 விழுக்காடு செம்பனை கலக்கத் தொடங்கியதால் இந்த இழுப்பு முன்பைவிட வலுவானது. நம் ஒப்பந்தம் ரிங்கிட்டில் நடப்பதால் ரிங்கிட் இறங்கினால் வெளிநாட்டார்க்கு மலிவு. அதனால் எண்ணெய் விலை ஏறும்.

பிறகு நாட்காட்டி. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி வாக்கில் செம்பனை எண்ணெய் வாரியம் கையிருப்பு, உற்பத்தி, ஏற்றுமதிக் கணக்கை வெளியிடும். பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை ஆண்டுக்கு ஆறு முறை அறிவிக்கும். 2025 ஜூலை 9 அன்று 3.00லிருந்து 2.75க்குக் குறைத்தது.

எந்தச் செய்தியிலும் அறிவித்த தேதியையும் அமலாகும் தேதியையும் தனித்தனியே எழுதிவையுங்கள். அமெரிக்கா 2025 ஏப்ரல் 2 அன்று மலேசியாவுக்கு 24 விழுக்காடு வரி என்றது. ஒரே வாரத்தில் 90 நாள் தள்ளிவைத்தது. ஜூலையில் 25 என்றது. ஆகஸ்ட் 7 முதல் அமலானது 19. ஏப்ரல் தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு எல்லாமே தவறாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் தேதி இருக்கிறதா, எண்ணுக்குப் பக்கத்தில் டன்னா பீப்பாயா டாலரா ரிங்கிட்டா என்று இருக்கிறதா, பெர்னாமாவோ ராய்ட்டர்ஸோ அதையே சொல்கிறதா – இந்த மூன்றும் இல்லாவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

“தீபாவளிக்கு இந்தியா எண்ணெய் வாங்கினால் நமக்கு விலை ஏறும் என்பது உண்மையா?” – குடும்பத்தலைவி

உண்மை, அம்மா. ஆனால் பண்டிகை வாரத்தில் ஏறாது. கப்பலில் போய், சுத்திகரித்து, கடைக்குச் சேர வேண்டுமே. அந்தக் கொள்முதல் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நடந்துவிடும். அதைவிட முக்கியம் இந்தியாவின் இறக்குமதி வரி. 2024 செப்டம்பரில் கச்சா செம்பனை எண்ணெய்க்கு அடிப்படை வரியைச் சுழியத்திலிருந்து 20 விழுக்காடாக்கினார்கள். 2025 மே இறுதியில் 10 ஆக்கினார்கள். டெல்லியின் அறிவிப்பு வந்த மறுநாளே புர்சாவில் தெரியும்.

“ஹோர்முஸ் என்றதும் எல்லாரும் பெட்ரோல் நிலையத்துக்கு ஓடுகிறார்களே?” – லாரி ஓட்டுநர்

ஓட வேண்டியதில்லை. 2024இல் நாளொன்றுக்கு சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய், உலகம் பயன்படுத்துவதில் ஐந்தில் ஒரு பங்கு, அந்த நீரிணை வழியாகப் போனது. அதனால் உலகச் சந்தை பதறுவது நியாயம். இங்கே விலை மாறுவது வாராந்தர அறிவிப்பில். மானிய ரோன்95 என்பது 2025 செப்டம்பர் இறுதியில் மைக்கார்டு (அடையாள அட்டை) வழியாக லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு, மாதம் 300 லிட்டர் என்று தொடங்கியது. உங்கள் லாரிக்கு வேண்டியது டீசல். தீபகற்பத்தில் அது 2024 ஜூன் 10 அன்று ஒரே இரவில் 2.15லிருந்து 3.35 ஆனது. அது போரால் வந்த ஏற்றம் அல்ல, மானியம் எடுக்கப்பட்டதால் வந்தது. வாடகை பேசும்போது டீசல் விலை எவ்வளவு மாறினால் வாடகை எவ்வளவு மாறும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“ஐரோப்பியக் காடழிப்புச் சட்டம் என்கிறார்கள். என் நிலத்தின் ஜிபிஎஸ் கேட்கிறார் ரேம்ப்காரர். கொடுக்கலாமா?” – சிறுதோட்டக்காரர்

கொடுங்கள், ஆனால் நீங்களே எடுத்துச் சரிபார்த்துக் கொடுங்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழித்த நிலத்திலிருந்து வந்த செம்பனை, ரப்பர், கொக்கோ போன்றவை ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். 2024 இறுதியில் ஒருமுறையும் 2025 இறுதியில் மறுமுறையும் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்ததை ரத்து என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

4 ஹெக்டருக்கு, அதாவது பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக, உட்பட்ட நிலத்துக்கு ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி நடந்து முழு வடிவம் எடுக்க வேண்டும். நிலத்தின் நடுவில், மட்டை மறைக்காத இடத்தில் நின்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, நீலப்புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் சிறுக்கும்வரை காத்திருங்கள். எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வேண்டும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போய் வேறொருவர் நிலத்தில் விழும். பெஸ்தாரி ஜெயாவில் முதல் எண் 3இல் தொடங்கும், இரண்டாவது 101இல். மாற்றி எழுதினால் அப்படி ஓர் இடமே பூமியில் கிடையாது. பாகை, நிமிடம், விநாடி என்று காட்டும் கைப்பேசியாக இருந்தால் அமைப்பில் தசமத்துக்கு மாற்றுங்கள். நிமிடத்தை அப்படியே தசமமாக எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

அந்த எண்ணோடு நிலப்பட்டாவின் நகல், வாரிய உரிமத்தின் நகல், எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். மூன்றிலும் பெயரும் லாட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே பட்டா கிடந்தால் முதலில் நில அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ரேம்ப்காரரிடம் எதைக் கொடுத்தாலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.