சூறாவளிக் கரையில் பாய்மரப் படகு: இன்சூரன்ஸ் கேள்வி பதில்

ஃப்ளோரிடா, கரீபியன் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

கேள்வி: அண்ணா, 35 அடிப் படகு, ஃபோர்ட் மையர்ஸில் நிற்கிறது. இரண்டு கம்பெனிகள் விலை சொல்லியிருக்கின்றன. குறைந்ததை எடுத்துவிடலாமா?

பதில்: பிரீமியத்தை அப்புறம் பாருங்கள். வானிலை மையம் பெயர் வைத்த புயலுக்கு டிடக்டிபிள், அதாவது கம்பெனி தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை, எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பல பாலிசிகளில் சாதாரண விபத்துக்கு ஒரு கணக்கு, புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால் வேறு கணக்கு. 10 சதவீதம் என்று போட்டிருந்தால், 80,000 டாலருக்குக் காப்பீடு செய்த படகுக்கு முதல் 8,000 உங்கள் கைக்காசு. சேதத்தில் 10 சதவீதம் இல்லை, படகின் மதிப்பில். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முழுச் சேதம் ஆனால் முன்பே பேசி ஒப்புக்கொண்ட தொகை வருமா, தேய்மானம் கழித்த மதிப்பா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சூறாவளிப் பருவத்தில் படகை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். போகாவிட்டால்?

பதில்: பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அப்போது பாலிசியில் சூறாவளிப் பகுதி என்று போட்ட எல்லைக்குள் படகு இருந்தால், புயல் சேதத்துக்குப் பணம் வராமல் போகலாம். எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தெற்கே கரீபியன் தீவான கிரெனடாவுக்குப் போய்விட்டால் கவலையில்லை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி நேராக அங்கேயே வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த காரியகூ தீவில் கரையேறியபோது, அலையாத்திக் காட்டுக்குள் ஒளித்துக் கட்டிய படகுகளும் தப்பவில்லை. எல்லைக்கு வெளியே நின்றால் க்ளைம் கேட்கலாம், அவ்வளவுதான். படகு பத்திரமா என்பது வேறு கேள்வி.

கேள்வி: புயல் வந்தால் படகை எப்படிக் காப்பேன் என்று ஒரு புயல் திட்டம் எழுதிக் கேட்கிறார்கள். எதையாவது எழுதிக் கொடுத்தால் போதாதா?

பதில்: வேண்டாம். நாளைக்கு க்ளைம் பார்க்க வருபவர் கையில் அந்தத் தாள்தான் இருக்கும். கரையேற்றி, பட்டை போட்டுத் தரையோடு கட்டுவேன் என்று எழுதினால் அதற்குப் படகு நிறுத்தும் யார்டில் முன்கூட்டியே இடம் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் எச்சரிக்கை வந்த பிறகு எல்லாரும் ஒரே கிரேனுக்கு வரிசையில் நிற்பார்கள். பாய்களைச் சுருட்டிவிட்டால் போதாது, கழற்றி இறக்குங்கள். காற்று பிரித்துவிட்டால் படகையே இழுத்துக்கொண்டு போகும். கயிறு உரசும் இடங்களில் உறை போடுங்கள், எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். கரையேற்றும் செலவில் ஒரு பங்கைத் தரும் பாலிசிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்துவிட்டது. இப்போது எடுக்கலாமா சார்?

பதில்: கிடைக்காது. புயல் போகும்வரை புதுப் பாலிசியை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

கேள்வி: 1985-இல் கட்டிய படகு. பொறுப்புக் காப்பீடு (என் படகால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கு) மட்டும் போதுமா?

பதில்: படகு போனால் போகட்டும் என்று மனசு இருந்தால் சரி. ஆனால் மூழ்கிய படகை எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும், சில சமயம் படகின் விலையைவிட அதிகம். அந்தச் செலவுக்குப் பாலிசியில் தனித் தொகை இருக்கிறதா பாருங்கள். பழைய படகு என்பதால் சர்வே, அதாவது படகின் நிலையைச் சோதித்த அறிக்கை, கேட்பார்கள். சர்வேயர் சொன்ன குறைகளைச் சரிசெய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.