சிறப்புத் தேவையுள்ள தத்துப் பிள்ளையை வளர்க்கிறோம், துணைக்கு யாரிடம் போவது?

உங்கள் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று தைத்தது கடைசி வரிதான். மூன்றரை வயதில் மகளைத் தத்தெடுத்தீர்கள், ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, பேச்சு சரியாக வரவில்லை, ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள், உறவினர்களுக்குப் புரியவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, "நீங்களே விரும்பித்தானே எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்பார்களோ என்று பயந்து வாயைத் திறப்பதே இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். கேட்பார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதுவும் நெருங்கியவர்களே. பெற்ற பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற அம்மாவைப் பார்த்துப் பாவம் என்று சொல்கிற அதே வாய்தான் நம்மைப் பார்த்து இதைக் கேட்கும்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் தத்தெடுத்து வந்தவர்கள்தான். மகன் நான்கு வயதில் வந்தான், இப்போது பதினொன்று. ஒரு காது கேட்காது, கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கவைக்கிற ஏடிஎச்டி இருக்கிறது, படிப்பு ஏறுவது சிரமம், கோபம் வந்தால் வீடு இரண்டாகும். மகள் ஒன்றரை வயதில் வந்தாள், மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாகிற செரிபிரல் பால்சி, நடைக்கருவி பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் தெரியாதவர்கள்கூடக் கதவைத் திறந்து பிடிப்பார்கள். மகன் கடைவாசலில் தரையில் உருண்டால் அதே ஆட்கள் என்னை முறைப்பார்கள். இத்தனைக்கும் வீட்டில் எங்களுக்கு அதிகம் உதவி தேவைப்பட்டது மகனுக்குத்தான். கண்ணுக்குத் தெரியாத குறைக்கு ஆதரவு தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும் என்பது எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது.

கேட்பதிலும் நான் சொதப்பினேன். மாமியாரிடம் புரிதலை எதிர்பார்த்தேன், தெரபிஸ்ட் என் மனபாரத்தை இறக்கி வைப்பார் என்று நினைத்தேன், மற்ற பெற்றோரிடம் போய் வைத்தியம் கேட்டேன். எல்லாமே தப்பான வாசல். ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது.

உறவினர்களில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் அதிகம் களைத்திருப்பது அங்கேதான் என்று தோன்றுகிறது. அவர்களுக்குப் புரியவைப்பதை விட்டுவிடுங்கள். நான் கட்டுரைகளை அனுப்பினேன், வீடியோ அனுப்பினேன், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன், என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்" என்றார். ஒருநாள் விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல், "அத்தை, வியாழக்கிழமை பாப்பாவை பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போகணும், அந்த ஒரு மணி நேரம் இவன்கூட உட்கார்ந்து பொம்மை ரயில் ஓட்ட முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். வந்தார். அடுத்த வாரமும் வந்தார். ஏழெட்டு மாதம் கழித்து, "இவனுக்குக் கோபம் வர்றதுக்கு முன்னாடி அந்தக் காதைத் தடவுறான், கவனிச்சியா?" என்று கேட்டார். நான் கவனித்ததில்லை! எந்தக் கட்டுரையும் செய்யாததை அந்த ரயில் செய்திருந்தது. ஆகவே "எங்களுக்கு ஆதரவாக இருங்கள்" என்று கேட்காதீர்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. கிழமை, நேரம், வேலை, இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்பவர் யார் என்பதும் அப்போது சட்டென்று தெரிந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஓய்வு கட்டாயம் வேண்டும், ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கனவே ஒருமுறையோ பலமுறையோ கைமாறி வந்த குழந்தைக்கு, பையில் துணியை அடுக்கி வேறு வீட்டில் கொண்டுபோய் விடுவது என்றால் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நாங்கள் அப்படி மகனை ஒரு இரவு தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம், அதன் பிறகு மூன்று வாரம் அவன் செருப்பைக் கழற்றாமல் தூங்கினான். அப்புறம்தான் முறையை மாற்றினோம்: பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கட்டும், ஆள் வரட்டும், நாங்கள் வெளியே போகிறோம். முதல் தடவை இருபது நிமிடம்தான். போகும்போது என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போவேன், அதை வாங்கவாவது நான் திரும்பி வருவேன் என்று அவனுக்கு உறுதி. வந்து உட்காருகிறவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: எந்தக் காது கேட்காது, எதைத் தொடக்கூடாது, கத்தினால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், "கோபமாக இருப்பது போலத் தெரியும், உண்மையில் பயந்திருக்கிறான்" என்று ஒரு வரி. அந்தக் காகிதம் பத்து தடவை விளக்குவதை மிச்சப்படுத்தியது.

புரிதல் வேண்டுமென்றால் அதற்குத் தத்தெடுத்த மற்ற பெற்றோர்தான். இங்கே ஒரு எச்சரிக்கை, தேடும்போது நீங்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். ஆட்டிசம் பெற்றோர் குழுவில் எல்லாரும் கர்ப்ப காலம், பிரசவம், குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று பேசுவார்கள், உங்களிடம் அந்தப் பக்கமே காலியாக இருக்கும். தத்துப் பெற்றோர் குழுவிலோ பாதிப் பேர், பிள்ளை வீட்டுக்கு வந்த நாள் கொண்டாட்டப் படங்களைப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அங்கே போய் "நேற்று என்னைக் கடித்துவிட்டாள்" என்று எழுதக் கை வராது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர்கள் மிகக் கொஞ்சம். எனக்குக் கிடைத்தது மொத்தமே இரண்டு பேர், ஒருவர் தெரபி சென்டர் வரவேற்பறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். இரண்டு பேர் போதும். மூவரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், அறிவுரை சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் விதி. அதேபோல, தத்தாக வளர்ந்து இன்று பெரியவர்களாக இருப்பவர்கள் எழுதுவதையும் தேடிப் படியுங்கள், சில நேரம் வலிக்கும், ஆனாலும் பிள்ளை சொல்லத் தெரியாமல் தவிப்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

குழுவில் எழுதும்போது உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். மகளைப் பெற்ற தாய் யார், மகள் எந்த நிலையில் கிடைத்தாள் என்பதெல்லாம் மகளுடைய சொத்து. நான் ஆரம்பத்தில் அனுதாபத்துக்காக மகன் கதையை நாலு பேரிடம் சொல்லிவிட்டேன், அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. பள்ளிக்கும் இதே கணக்குதான், தேவையைச் சொன்னால் போதும், வரலாறு வேண்டாம். "குழந்தைப் பருவப் படம் ஒட்டி வா", "குடும்ப மரம் வரைந்து வா" மாதிரி வேலைகள் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நான்கு வயதுக்கு முந்தைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

தெரபிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். இது ஆட்டிசமா, பெற்றவர்களை இழந்ததன் விளைவா என்று ஆளுக்கொன்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், வெளியே பார்க்க ஒன்று போலவும் இருக்கும். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிற குழந்தையால் ஒரு இடத்தில் உட்கார முடியாது, அதைப் பார்த்தால் ஏடிஎச்டி மாதிரியே தெரியும். ருமேனியாவின் அனாதை விடுதிகளில் இருந்து பிரிட்டனில் தத்தெடுக்கப்பட்ட 165 குழந்தைகளைக் குழந்தை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழுவினர் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். விடுதியில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வளர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்களில் பலருக்கு ஆட்டிசம் போன்ற தன்மைகள், கவனக்குறைவு, புதியவர்களிடம் வரம்பில்லாமல் ஒட்டிக்கொள்வது இவையெல்லாம் இளமை வரை நீடித்தன. ஆனாலும் அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. 2017-இல் வந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்கு வருத்தத்தை விட நிம்மதிதான் வந்தது, நல்ல வீட்டில் வளர்ந்தும் நீடிக்கிற ஒன்றை என் வளர்ப்பின் குறை என்று நினைத்து ஐந்து வருடம் அழுதிருக்கிறேன்.

புதிதாக ஒருவரிடம் போகும்போது நான் இரண்டு கேள்வி கேட்பேன். தத்துப் பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா? சிகிச்சை நேரத்தில் நானும் உள்ளே இருக்கலாமா? இரண்டாவதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்ப்பேன், ஏனென்றால் குழந்தை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டியது என்னை, அவரை இல்லை. தப்பு செய்தால் தனி அறையில் உட்கார வை என்று ஒருவர் எங்களுக்குச் சொன்னார், கதவை மூடினால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிற பிள்ளையிடம் அது எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்களுக்கு உதவியது. இன்னொன்று, பாசப்பிணைப்பை வரவைக்கிறேன் என்று பிள்ளையை அழுத்திப் பிடிப்பது, போர்வையில் சுற்றுவது, பட்டினி போடுவது என்று யாராவது ஆரம்பித்தால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 2000-இல் பத்து வயதுத் தத்துச் சிறுமி ஒருத்தியை "மறுபிறப்பு" சிகிச்சை என்று துணியில் சுற்றித் தலையணைகளால் அழுத்தி மூச்சுமுட்டக் கொன்றே விட்டார்கள். அடுத்த வருடம் அந்த மாகாணத்தில் அதைத் தடை செய்து சட்டம் வந்தது.

கணவர் உங்களை நம்பவில்லை என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டிலும் இதே கதை. பிள்ளை தன் கோபம் முழுவதையும் அம்மாவிடம் கொட்டும், அப்பா உள்ளே நுழைந்ததும் தேனாகப் பேசும். என் கணவர் ஒரு சனி, ஞாயிறு முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் என்னை நம்பாத பேச்சு நின்றது. நீங்களும் அதைச் செய்து பார்க்கலாம், சண்டை போடுவதை விடச் சுலபம்.

"தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றுகிறது, நான் கெட்டவளா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தோன்றியது. பிள்ளை பிறந்த பிறகு வருவதைப் போலவே தத்தெடுத்த பிறகும் மனச்சோர்வு வரும், ஜூன் பாண்ட் என்பவர் 1995-லேயே அதற்குப் பெயர் வைத்து எழுதினார். தூக்கம் போய், பிள்ளை தொட்டாலே உடம்பு விறைத்து, நாள் முழுக்க எந்திரம் மாதிரி வேலை செய்தால் அது உங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய நேரம், மகளுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைக்கோ உங்களுக்கோ ஆபத்து வரும் போலத் தோன்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

தத்து கொடுத்த நிறுவனத்திடம் சொல்லலாமா, சொன்னால் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது என்றீர்களே. நானும் அந்தப் பயத்தில் பதினாலு மாதம் போன் செய்யவில்லை. கடைசியில் செய்தபோது எடுத்த அம்மா அதிர்ச்சியே ஆகவில்லை, "ஆறு மாதத்திலேயே கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன்" என்றார். மகன் விடுதியில் இருந்தபோது பார்த்துக்கொண்ட ஆயாவிடம் பேச ஏற்பாடு செய்தார், அவன் விளக்கணைத்தால் ஏன் அலறுகிறான் என்பது அந்த ஒரு போனில் தெரிந்தது. ஃபைலில் விடுபட்ட மருத்துவத் தாள் இரண்டும் கிடைத்தன. பேசுவதற்கு முன் முதல் இரண்டு வரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போல "ஹலோ" என்றதும் அழ ஆரம்பித்தால் அதையே வாசித்துவிடலாம். நான் எழுதியது இதுதான்: "பிள்ளை எங்களோடுதான் இருப்பான். அவனை வளர்க்க எங்களுக்கு ஆள் வேண்டும்."