ஒன்பது நாளாகக் கடிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண் ஃபெரட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி) ஒன்றைத் தத்தெடுத்து ஒன்பது நாளாகிறது. பகல் முழுக்கத் தூங்குகிறது. கூண்டுக்குள் கை விட்டால் கடிக்கிறது. நேற்று மகன் விரலில் ரத்தமே வந்துவிட்டது. நல்ல தீனியாகப் பார்த்து வாங்கிப் போட்டால், கொஞ்சம் கொறித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறது. வீடெல்லாம் அசிங்கம் செய்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: மகனின் விரலை சோப்பு போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் இன்றே காட்டுங்கள். வெறிநோய்க்கும், டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய்க்கும் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று காப்பகத்தில் கேளுங்கள். டிஸ்டெம்பர் வந்த ஃபெரட் பிழைப்பது அரிது.

அதே போனில், அங்கே என்ன தீனி போட்டார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். குட்டியில் எதைத் தின்று பழகியதோ அதைத்தான் ஃபெரட் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ளும். நீங்கள் வாங்கியது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதற்கு மரத்தூள்தான். இப்போதைக்குப் பழைய தீனியே இருக்கட்டும். மாற்றுவதை வீடு பழகிய பிறகு, பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யலாம். ஃபெரட் முழு மாமிச உண்ணி, குடல் மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் தட்டு காலியாகவே இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பகல் தூக்கம் அதன் இயல்பு. நாளுக்கு 14 முதல் 18 மணி நேரம் வரை தூங்கும். என் முதல் ஃபெரட் வந்த மூன்றாம் நாள் தூக்கிப் பார்த்தேன், ஈரத்துணி மாதிரித் தொங்கியது. செத்துப்போச்சு என்று அழுதுகொண்டே, செருப்புகூடப் போடாமல் மருத்துவரிடம் ஓடினேன். அங்கே போனதும் கொட்டாவி விட்டு எழுந்து உட்கார்ந்தது! ஆனால் எழுந்த பிறகும் பின்னங்கால் துவண்டு, எச்சில் வழிய, வெறித்துப் பார்த்தால் அது தூக்கக் கலக்கம் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

இனி கடி. கூண்டுக்குள் கை விட்டால் என்று எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள். இப்போதைக்கு அதற்கு இருக்கிற ஒரே சொந்த இடம் அதுதான். அந்தி நேரத்தில் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள், அதுவாக வெளியே வரட்டும். ஃபெரட்டுக்குப் பார்வை மங்கல், மூக்குதான் எல்லாம். நீங்கள் இரண்டு நாள் உடுத்திய பழைய சட்டை ஒன்றை அதன் படுக்கையில் போடுங்கள். ஆசைத் தின்பண்டத்தை விரலில் தடவிக் கொடுக்காமல் கரண்டியில் நீட்டுங்கள். விரலில் கொடுத்துப் பழக்கினால் விரலும் தின்பண்டம்தான். நான் செய்த தப்பு இது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்படியும் பல் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். அலறிக்கொண்டு உடனே கீழே விடுவதும் கூடாது. கடித்தால் விட்டுவிடுவார்கள் என்று ஒரே நாளில் படித்துக்கொள்ளும். ஃபெரட்டைக் கெட்டியான துண்டில் சுற்றி, அது சற்று அடங்கும்வரை வைத்திருந்து, பிறகு விடுங்கள். இதையெல்லாம் பெரியவர்கள் செய்யட்டும், மகன் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தால் போதும். காப்பகத்துக்கு வருமுன் அதைத் தூக்கிய கைகள் எப்படிப்பட்டவையோ, நமக்கென்ன தெரியும்? என்னிடம் வந்த இரண்டாவது ஃபெரட் கடியை நிறுத்தப் பதினொரு வாரமானது. கணவரிடம் ஒன்பது நாளைக் கணக்குக் காட்டாமல் மூன்று மாதம் கெடு கேளுங்கள்.

அசிங்கம் செய்வது சுலபமான விஷயம். தூங்கி எழுந்த சில நிமிடங்களில் ஏதாவது மூலைக்குப் பின்பக்கமாக நகர்ந்து போகும். அது தேர்ந்தெடுத்த மூலையிலேயே லிட்டர் தட்டை (அது மலஜலம் கழிக்கும் தட்டு) வையுங்கள், உங்களுக்குப் பிடித்த மூலையில் இல்லை. தட்டில் நிரப்பக் காகித உருண்டை நல்லது, கட்டியாகும் களிமண் வகை வேண்டாம். ஒரே அறையில் விட்டுப் பழக்குங்கள், வீடு முழுக்க இப்போதே திறந்துவிட வேண்டாம்.

ஒரு நாள் முதுகை வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் குதித்துக்கொண்டு கொக்கொக்கென்று உங்கள் மேல் மோத வரும். பயந்து ஓடாதீர்கள், விளையாடக் கூப்பிடுகிறது. அதற்கப்புறம் திருட்டு தொடங்கும். சாவி, காலுறை எது காணாமல் போனாலும் சோபாவுக்கு அடியில் தேடுங்கள். ரப்பர் செருப்பு, அழிரப்பர் மாதிரி எதுவும் அங்கே இருந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். அதைக் கடித்து விழுங்கிய துண்டு குடலில் அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.